பழைய செயின்சாவை வீட்டிலேயே சரிசெய்வது: கேள்வி பதில்

கேள்வி: பல வருஷம் சும்மா கிடந்த செயின்சா ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கயிற்றை இழுத்தால் சுற்றுகிறது. பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா சார்?

வேண்டாம். உள்ளே கோடு விழுந்த பிஸ்டனோடு 10 விநாடி ஓடினாலே, காப்பாற்றியிருக்கக்கூடிய சிலிண்டர் போய்விடும். முதலில் சைலன்சரைக் கழற்றுங்கள், இரண்டு மூன்று போல்ட்தான். டார்ச் அடித்து எக்ஸாஸ்ட் வழியாகப் பிஸ்டனைப் பாருங்கள். கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்தினால் பக்கச்சுவர் முழுக்கத் தெரியும். தயாரிக்கும்போது கடைசலில் விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தால் இன்ஜின் நன்றாக இருக்கிறது. மேலிருந்து கீழாக ஆழமான கோடுகளும் ஈயம் பூசியது போன்ற தடமும் இருந்தால் பிஸ்டன் இழுத்திருக்கிறது, அதாவது சூட்டில் சிலிண்டர் சுவரோடு உரசிச் சிராய்த்திருக்கிறது.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். கம்ப்ரஷன் கேஜை பிளக் ஓட்டையில் மாட்டி, திராட்டிலை (ஆக்ஸிலேட்டரை) முழுக்கத் திறந்து வைத்து, ஊசி ஏறுவது நிற்கும்வரை கயிற்றை இழுங்கள். 130 பிஎஸ்ஐக்கு மேல் வந்தால் நிம்மதி. 100-க்குக் கீழே என்றால் ரிங்கையோ சிலிண்டரையோ பார்த்தாக வேண்டும். கார்புரேட்டர் கிட் (புது டயாபிரம், கேஸ்கெட் அடங்கிய தொகுப்பு) வாங்குவதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கேள்வி: பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கோடு. சிலிண்டரிலும் தடம் தெரிகிறது. இரண்டையும் மாற்ற வேண்டுமா?

பிஸ்டனை மாற்றுங்கள். சிலிண்டரை அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். அதில் தெரியும் தடம் பெரும்பாலும் பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியம். அதற்கு அடியில் குரோம் அல்லது நிக்கல் பூச்சு அப்படியே இருக்கலாம். பஞ்சுக் குச்சியில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைத் தொட்டு, தடத்தின் மேல் மட்டும் வையுங்கள். நுரைத்தால் அது அலுமினியம். நுரை அடங்கியதும் துடைத்து, மறுபடி வையுங்கள். போர்ட் ஓரங்களில் பூச்சில்லாத அலுமினியம் இருக்கிறது. அங்கே ஆசிட் பட்டால் அதையும் தின்றுவிடும். திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, காயவைத்து, உடனே ஆயில் தடவுங்கள். ஆசிட்டே வேண்டாம் என்றால் 240 நம்பர் எமரி தாளை விரலில் சுற்றித் தேய்த்தும் எடுக்கலாம். நேரம்தான் அதிகம் ஆகும்.

பிறகு நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டினாலோ பூச்சு உரிந்து அடி உலோகம் தெரிந்தாலோ அந்தச் சிலிண்டர் முடிந்தது.

புது பிஸ்டன் போடும்போது கவனம்: ரிங்கின் வாய் பிஸ்டன் பள்ளத்திலுள்ள சின்ன பின்னுக்கு நேராக இருக்க வேண்டும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையமான சர்க்ளிப்பில் பழையதை மறுபடி போடவே கூடாது. அது ஓட்டத்தில் கழன்றால் புது பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்தே போகும்.

கேள்வி: அண்ணா, புது பிஸ்டன் போட்டு ஒரு டேங்க் கூட ஓடவில்லை, மறுபடி இழுத்துவிட்டது. கலவையில் ஆயில் சரியாகத்தான் ஊற்றினேன்.

பிஸ்டனை மாற்றினீர்கள், முதல் பிஸ்டன் ஏன் போனது என்று பார்க்கவில்லை. ஆயில் சரி என்றால் எங்கிருந்தோ கள்ளக் காற்று உள்ளே போகிறது. கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்பு), இன்டேக் ரப்பர் (கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைப்பது), இம்பல்ஸ் குழாய் (கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோவது), சிலிண்டர் அடி கேஸ்கெட், இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். அதிகக் காற்று போனால் பெட்ரோல் விகிதம் குறையும், பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறையும், சூடு ஏறும். முதலில் இழுப்பது எக்ஸாஸ்ட் பக்கம்தான். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டே இருந்ததா? அதுதான் அடையாளம்.

பிரஷர் டெஸ்ட் செய்யாமல் மூன்றாவது பிஸ்டனை வாங்காதீர்கள். சைலன்சருக்கு அடியில் ரப்பர் ஷீட் வைத்து இறுக்கி எக்ஸாஸ்டை அடையுங்கள். கார்புரேட்டர் இடத்தையும் அதேபோல் அடையுங்கள். பிளக் ஓட்டை வழியாகக் கைப்பம்பில் 7 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். அப்போது பிஸ்டன் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிராங்க் கேஸுக்குக் காற்றே போகாது. ஊசி இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி இடத்தைக் காட்டிவிடும். பிளைவீலையும் கிளட்சையும் கழற்றினால்தான் சீல்கள் தெரியும்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். அதே அளவுக்கு வேக்குவமும் இழுத்து, அதாவது உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிப் பாருங்கள். சீலின் உதடு உள்ளிருந்து தள்ளும்போது தண்டை இறுக்கிப் பிடிக்கும், வெளியிலிருந்து காற்று உறிஞ்சும்போது விட்டுவிடும். பிரஷரில் தேறி வேக்குவத்தில் தோற்கும் சீல்கள் நிறைய. சோதிக்கும்போது கிராங்கை மெதுவாகச் சுற்றியும் பாருங்கள்.

கேள்வி: கிளட்ச் கழலவே மாட்டேன் என்கிறது.

பெரும்பாலான செயின்சாக்களில் அது இடது மரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். பல கிளட்சுகளில் அம்புக்குறியே இருக்கும். இன்ஜினை நிறுத்திப் பிடிக்கப் பிளக் ஓட்டையில் கயிறு நுழையுங்கள். ஆனால் பிஸ்டன் எக்ஸாஸ்ட் போர்ட்டைத் தாண்டி மேலே வந்த பிறகு. முன்பே நுழைத்தால் கயிறு போர்ட்டில் மாட்டி ரிங்கை உடைக்கும்.

கேள்வி: கார்புரேட்டரைப் பிரித்து சுத்தம் செய்து மாட்டினேன். சோக்கில் மட்டும் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் அணைகிறது.

பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாபிரமைக் கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள். காகிதம் போலச் சலசலத்தால் விறைத்துவிட்டது, கிட் போடுங்கள். புதியது துணி போலத் துவளும். மாட்டும் வரிசையும் முக்கியம். மீட்டரிங் பக்கம் (பெட்ரோலை அளந்து விடும் ஊசி, லீவர் உள்ள பக்கம்) பொதுவாக முதலில் கேஸ்கெட், அதன் மேல் டயாபிரம். பம்ப் பக்கம் (டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பக்கம்) முதலில் டயாபிரம், மேலே கேஸ்கெட். ஊசியைத் தூக்கும் லீவர் பல மாடல்களில் அறையின் தரையோடு சமமாக நிற்கும், சிலவற்றில் சற்று வேறுபடும். ஆகவே கழற்றும் முன்பே உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள். ஸ்ப்ரே கிளீனரும் காற்றும் போதும்.

டேங்குக்குள் இருக்கும் குழாயையும் வளைத்துப் பாருங்கள். பழைய குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வளைவில் வெடித்திருக்கும். டேங்குக்குள் காற்று விடும் சின்ன வழியான டேங்க் வென்ட் அடைத்தாலும் இதே தொல்லை தரும். மூடியைத் திறந்ததும் ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் வென்ட்தான்.

கேள்வி: ஹெச், எல் திருகுகளை எவ்வளவு வைப்பது?

கார்புரேட்டரில் ஹெச் அதிக வேகத்துக்கும் எல் குறைந்த வேகத்துக்கும் பெட்ரோல் அளவை வைக்கும் திருகுகள். இரண்டையும் மெதுவாக மூடி, ஒரு சுற்றுத் திறங்கள். இது தொடங்குவதற்கான அளவு மட்டுமே. இன்ஜின் சூடான பிறகு எல் திருகை முன்னும் பின்னும் திருப்பி, ஐடில் அதிக வேகமாக ஓடும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்றுத் திறங்கள். திராட்டில் கொடுக்கும்போது திணறினால் இன்னும் கொஞ்சம் திறங்கள். அடுத்து ஐடில் திருகு: செயின் நகரக் கூடாது.

ஹெச் திருகைக் காதால்தான் வைக்க வேண்டும். லோடு இல்லாமல் முழு திராட்டிலில் ஒலி சற்று உடைந்து, கரகரவென்று வர வேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு மறைந்து சுத்தமாக வேண்டும். லோடு இல்லாதபோதே கிரீச்சென்று சுத்தமாகக் கத்தினால் பெட்ரோல் குறைவு, உடனே திறங்கள். முழு வேகத்தில் சில விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள்.

கேள்வி: பழைய மெஷினில் 16:1 கலவை என்று எழுதியிருக்கிறது. அப்படியே ஊற்றலாமா?

16 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் என்று அர்த்தம். அது அந்தக் கால இன்ஜின் ஆயிலுக்கான கணக்கு. இப்போது காற்றால் குளிரும் இன்ஜினுக்கான நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில், ஜாஸோ எஃப்டி (டப்பாவில் JASO FD என்று இருக்கும்) தரத்தில் வாங்கி, லிட்டருக்கு 25 முதல் 31 மி.லி. ஊற்றினால் போதும். படகு மோட்டார் ஆயில் வேண்டாம். விகிதத்தை மாற்றினால் கார்புரேட்டரையும் மறுபடி சரிபாருங்கள்: ஆயில் கூடினால் அதே திருகு அளவில் போகும் பெட்ரோல் குறைகிறது.

கேள்வி: ஸ்பார்க் வரவில்லை. பாயின்ட் வைத்த பழைய மாடல்.

பாயின்ட் என்பது ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் தொடுமுனைகள். அதில் ஆக்சைடு படிந்திருக்கும். மெல்லிய எமரியால் தேய்த்து, பிறகு சுத்தமான அட்டையை நடுவே விட்டு இழுத்துத் தூசியை எடுங்கள். இடைவெளி பொதுவாக 0.4 மி.மீ. காயிலுக்கும் பிளைவீலுக்கும் நடுவே 0.3 மி.மீ., விசிட்டிங் கார்டு ஒன்று. பிளக் 0.5 மி.மீ. ஸ்பார்க் வந்தும் இழுக்கும்போது கயிறு திருப்பி உதைத்தால், பிளைவீலைத் தண்டில் சரியான இடத்தில் பிடிக்கும் சின்ன உலோகத் துண்டான பிளைவீல் சாவியைப் பாருங்கள், பாதி வெட்டுப்பட்டிருக்கும்.

கேள்வி: ஓடுகிறது, ஆனால் வெட்டு ஒரு பக்கமாகச் சாய்கிறது. சீவல் வராமல் தூளாக விழுகிறது.

தூள் என்றால் பல் மழுங்கிவிட்டது. செயினின் பிட்ச் (கண்ணி இடைவெளி) அங்குலத்தில் சொல்லப்படும்: முழு அளவு 3/8 செயினுக்கு 5.5 மி.மீ. அரம், .325-க்கு 4.8, சிறிய 3/8-க்கு 4.0. அராவும் கோணம் பெரும்பாலான செயினுக்கு 30 பாகை. சாய்வது, ஒரு பக்கப் பற்கள் நீளமாகவோ கூர்மையாகவோ இருப்பதால். மிகக் குட்டையான பல்லை அளந்து மற்றவற்றை அதற்குச் சமமாக அராவுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னாலுள்ள மேடான டெப்த் கேஜ், பல்லின் நுனியைவிட 0.65 மி.மீ. தாழ இருக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் சாய்ந்தால், செயின் ஓடும் நீளத் தகடான பாரின் இரண்டு விளிம்பும் சமமாக இல்லை. தட்டை அரத்தால் சமப்படுத்துங்கள்.

கேள்வி: இந்த மாடலில் செயின் பிரேக்கே இல்லை. ஓட்டலாமா?

முழுதாகச் சரிசெய்து வையுங்கள், தரையில் கிடக்கும் கட்டையை அறுக்கலாம். அதிலும் கிக்பேக் (பார் திடீரென்று உங்கள் பக்கம் துள்ளுவது) குறைந்த செயின், குட்டையான பார், இரண்டு கையின் கட்டைவிரலும் கைப்பிடியைச் சுற்றி. பார் நுனியின் மேல்பாதி எதிலும் படக் கூடாது. மரத்தில் ஏறியோ தோளுக்கு மேல் தூக்கியோ அதை ஓட்டாதீர்கள். அந்த வேலைக்குப் பிரேக் உள்ள மெஷின்தான்.