மூன்றாக வெட்டிய தாள்

அன்புள்ள ஐயா,

எனக்கு அரசியலில் அக்கறை உண்டு. கட்சியில் சேர நேரமும் இல்லை, மனமும் இல்லை. இணைய மனுக்களில் கையெழுத்துப் போடுகிறேன், பதிவுகளைப் பகிர்கிறேன், எப்போதாவது ஊர்வலத்துக்குப் போகிறேன். எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. வேலைக்கும் போய்க் குடும்பத்தையும் பார்த்துக்கொள்ளும் ஒருவரால் உருப்படியாக என்னதான் செய்ய முடியும்?

க.

அன்புள்ள க.,

நீங்கள் செய்வது வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் தனியாளாகச் செய்பவை. ஊர்வலத்தில்கூட, முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். அடுத்த வாரம் நீங்கள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமெரி நகரப் பேருந்தில், கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்தது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அன்றிரவு நடந்ததுதான் முக்கியம். ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, சக ஆசிரியர் ஒருவரையும் இரண்டு மாணவர்களையும் அழைத்துக்கொண்டு கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் விடிய விடிய நின்றார். ஒரு தாளில் மூன்று அறிக்கைகள். தாளை மூன்றாக வெட்டிக் கட்டினார்கள். அதில் கேட்டது ஒன்றே ஒன்று: திங்கட்கிழமை பேருந்தில் ஏறாதீர்கள். விடியும் முன் எந்தத் தெருவுக்கு யார் கொண்டுபோவது என்று பிரித்துக்கொண்டார்கள். அப்புறம் அவர் காலை எட்டு மணி வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போய்விட்டார்!

அதெல்லாம் ஒரே இரவில் முளைத்ததல்ல. ராபின்சன் தலைமையேற்றிருந்த பெண்கள் அமைப்பு, பேருந்துகளில் கறுப்பினத்தவர் இழிவாக நடத்தப்படும் பிரச்சினையைப் பல ஆண்டுகளாக விடாமல் எழுப்பி வந்தது. புறக்கணிப்பு நேரலாம் என்று 1954 மே மாதமே அவர் மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஒரு நாளுக்கென்று தொடங்கியது 381 நாள் நீண்டது. சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஆட்களை ஏற்றிச்சென்றார்கள், மற்றவர்கள் நடந்தார்கள். நீதிமன்றத்தில் வழக்கும் கூடவே நடந்தது. பேருந்தில் இனம் பார்த்து இருக்கை பிரிப்பது செல்லாது என்று தீர்ப்பு வந்த பிறகுதான் மக்கள் மறுபடி பேருந்தில் ஏறினார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ‘ஊழலை ஒழி’ என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘இந்த ஒப்பந்தத்தின் செலவுக் கணக்கை வெளியிடு’ என்றால் ஒரு அதிகாரி ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். அப்படிக் கேட்க நாலைந்து பேர் போதும். ஆனால் அதே நாலைந்து பேர் மாதாமாதம் திரும்பப் போக வேண்டும், போனமுறை என்ன சொன்னார்கள் என்ற குறிப்போடு. நான் போன கூட்டங்களில் பேச்சாளர்களுக்குக் குறைவே இருந்ததில்லை. குறிப்பெடுக்கத்தான் ஆள் கிடைக்காது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே உள்ளவர் அந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம்.

உங்களை வாட்டும் பிரச்சினை எது என்று நீங்கள் எழுதவில்லை. அதை எழுதுங்கள். அதில் முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, உங்களோடு கூட வரக்கூடியவர்கள் யார் யார் என்பதையும் விசாரித்து எழுதுங்கள். அங்கிருந்து பேசுவோம்.