வாசகர் கேள்வி: கார்ல் ஷூமன்

கேள்வி: எங்கள் பள்ளிப் புதிர்ப்போட்டியில் '1896 ஒலிம்பிக்கில் அதிகம் வென்றவர் யார்?' என்று கேட்டோம். ஒரு மாணவி கார்ல் ஷூமன் என்றாள். இன்னொருவன் ஹெர்மன் வைங்கார்ட்னர் என்றான். யாருக்குப் புள்ளி?
(தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்)

பதில்: இரண்டு பேருக்கும் கொடுத்துவிடுங்கள். குறை கேள்வியில்தான் இருக்கிறது. முதலிடங்களை எண்ணினால் ஷூமன், நான்கு. பதக்கங்களை எண்ணினால் வைங்கார்ட்னர், ஆறு. இருவரும் ஜெர்மானியர்கள், ஒரே சீருடற்பயிற்சி (ஜிம்னாஸ்டிக்ஸ்) குழுவினர். 'நான்கு தங்கம்' என்று விடைத்தாளில் எழுதுவது பின்னாள் கணக்கு. அந்த ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதலிடம் பெற்றவருக்கு வெள்ளிப் பதக்கமும் ஒலிவக் கிளையும்தான் கொடுத்தார்கள். அடுத்த முறை 'முதலிடம்' என்று தெளிவாகக் கேளுங்கள்.

கேள்வி: அந்த நான்கும் எந்தெந்த விளையாட்டு? சீருடற்பயிற்சிக்காரர் மல்யுத்தத்தில் எப்படி வென்றார்?
(அதே பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்கள்)

பதில்: ஷூமன் 1869இல் மூன்ஸ்டரில் பிறந்தவர். தொழில் பொற்கொல்லர் வேலை. ஏப்ரல் 9ஆம் தேதி ஒரே நாளில் குதிரைத் தாண்டலிலும், குழுவோடு இணைக்கம்பியிலும் கிடைக்கம்பியிலும் வென்றார். கிடைக்கம்பியில் ஜெர்மன் குழுவை எதிர்க்க வேறு குழுவே இல்லை. அதை மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஏனென்றால் மல்யுத்தத்தில் கதையே வேறு.

மொத்தம் ஐந்தே பேர். எடைப்பிரிவு கிடையாது, நேர வரம்பும் கிடையாது. ஷூமன் குள்ளமானவர். முதல் எதிராளியோ பிரிட்டனின் லான்செஸ்டன் எலியட், ஒரு கைப் பளுதூக்கலில் வென்ற மலை போன்ற ஆள். அவரைச் சட்டென்று வீழ்த்தினார். இறுதியில் கிரேக்கரான கியோர்கியோஸ் ட்சிட்டாஸ். 40 நிமிடம் பிடித்தும் யாரும் விழவில்லை. இருட்டிவிட்டதால் நிறுத்தி, மறுநாள் தொடர்ந்தார்கள். அன்று 15 நிமிடத்தில் ஷூமன் முடித்தார். உடல் எடையை நாள் முழுக்கக் கைகளால் தாங்கிப் பழகியவருக்குத் தோளிலும் பிடியிலும் இருக்கும் உரம் இங்கே பயன்பட்டிருக்கும் என்பது எங்கள் கணிப்பு. பளுதூக்கல், நீளம் தாண்டுதல் உட்பட வேறு போட்டிகளிலும் இறங்கினார், அவற்றில் பதக்கமில்லை.

ஊர் திரும்பியதும் பாராட்டு கிடைத்ததா என்றால், இல்லை. ஜெர்மன் சீருடற்பயிற்சிச் சங்கம் அனைத்துலகப் போட்டிகளையே எதிர்த்தது. போனவர்களுக்குத் தடை விதித்தது. அதைவிடக் கொடுமை, அதே குழுவின் ஆல்ஃபிரட் ஃபிளாட்டோவும் அவருடைய உறவினர் குஸ்டாவ் ஃபெலிக்ஸ் ஃபிளாட்டோவும் யூதர்கள் என்பதால் நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார்கள். ஷூமன் 1946இல் பெர்லினில் காலமானார். அவர் பெயரைச் சொல்லும்போது இந்த இருவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: இதைக் கேட்டதும் பிள்ளைகள் தாண்டு பெட்டியை வெளியே இழுத்துவிட்டார்கள். எப்படித் தொடங்குவது?
(அதே ஆசிரியை)

பதில்: சில அடுக்குகளை எடுத்துவிட்டு, பிள்ளையின் இடுப்புக்கு மேல் போகாத உயரத்தில் வையுங்கள். முதல் வாரம் தாண்டவே வேண்டாம். தாழ்ந்த மேடையிலிருந்து மெத்தையில் குதித்து, இரு பாதமும் ஒன்றாக ஊன்றி, முழங்கால் மடக்கி நிற்கட்டும். காலை விறைப்பாக வைத்து இறங்கினால் அடி நேரே முழங்காலுக்குப் போகும்.

அடுத்து, எகிறு பலகையைப் பெட்டியிலிருந்து ஒரு கை நீளத்தில் போடுங்கள். ஒட்டிப் போட்டால் பிள்ளை நேரே மேலே எழும்பிப் பெட்டியில் முட்டும். பெரும்பாலான விழுதலுக்குக் காரணம் பயத்தில் பலகைக்கு முன் வேகத்தைக் குறைப்பதுதான். ஓட்டத்தைக் குறுக்கி ஏழெட்டுக் காலடியாக்குங்கள், வேகம் குறையாது. இறங்கும் பக்கத்தில் நீங்கள் நின்று மேல்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்த நாளில் மண்டபத் தரை ஈரம் கோத்திருக்கும். மெத்தையைக் காலால் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் அன்றைக்குத் தாண்டல் வேண்டாம்.