நோட்டில் எழுதி வந்த பதினொரு காரணங்கள்

அம்மா, வணக்கம்.

போன சனிக்கிழமை நீங்கள் மறந்து வைத்துவிட்டுப் போன நோட்டு என் மேசையில்தான் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு, முதல் மூன்று பக்கத்தில் நீல மையில் எண் போட்டு எழுதிய பதினொரு காரணங்கள். “பொண்ணை ஏழாவதோட நிறுத்திட்டு வீட்லயே நான் படிக்க வைக்கலாம்னு இருக்கேன் சார், சரியா வருமா?” என்று கேட்டீர்கள். அன்றைக்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை. வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள், எனக்கும் யோசிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வேலூரில் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் இந்தத் தொழிலுக்கு உட்கார்ந்தால் வருகிறவர்கள் பெரும்பாலும் சிஎம்சி, விஐடி என்று இரண்டு பெயரோடுதான் வருவார்கள். பிளஸ் டூ மார்க் ஷீட்டைக் கையில் வைத்திருக்கும் கூட்டம் அது. பள்ளிக்கூடமே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் கொரோனாவுக்குப் பிறகுதான் பார்க்கிறேன். அவர்களும் பெரிய சம்பளக்காரர்கள், தனியார் பள்ளி ஃபீஸில் சலித்துப்போனவர்கள். குடியாத்தம் பக்கத்திலிருந்து, வீட்டுக்காரர் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற குடும்பத்திலிருந்து, அரசுப் பள்ளியை விட்டு நிறுத்துகிறேன் என்று வந்த முதல் ஆள் நீங்கள்தான். நீங்கள் பி.எட். முடித்தவர் என்பதால் பேச்சு வேறு மாதிரி போனது. இல்லாவிட்டால் இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

உங்கள் பதினொன்றையும் பென்சிலால் இரண்டாகப் பிரித்தேன். ஒன்பது பள்ளியைப் பற்றியவை. இரண்டு மட்டும்தான் உங்கள் பெண்ணைப் பற்றியவை.

ஒன்பதில் மூன்றாவதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. காலையில் நிரப்பிக் கொடுக்கிற தண்ணீர் பாட்டில் சாயந்திரம் அப்படியே திரும்பி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லை. நம் ஊர் வெயிலில், பன்னிரண்டு வயதுப் பெண், காலையிலிருந்து மாலை வரை! இது கட்டாயம் சரிசெய்ய வேண்டிய விஷயம். ஆனால் பள்ளியை விட்டு நிறுத்துவதற்கான காரணம் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தப் பள்ளிக்கு மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் ஒருமுறையாவது போயிருக்கிறீர்களா? போகவில்லை என்றால் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், இதை எழுத்தில் கொடுங்கள், கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அசையவில்லை என்றால் 14417க்கு போன் போடுங்கள், அது கல்வித்துறையின் உதவி எண். பெண்கள் கழிவறைக்குத் தண்ணீர் வராததைத் தலைமையாசிரியரிடம் தனியாகப் போய்ச் சொல்வதும், நான்கு அம்மாக்கள் சேர்ந்து போய்ச் சொல்வதும் ஒன்றல்ல.

கணக்கு டீச்சர் இடம் காலி, பஸ்ஸில் நெரிசல், நோட்டில் பார்த்து எழுத வைப்பதே பாடம், பட்டப்பெயர் வைத்துக் கிண்டல் என்று மற்றவையும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பாதி வேறு பள்ளிக்கு மாறினாலே தீர்ந்துவிடும். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே வேறு பள்ளி என்று ஒன்று இருப்பதைப் பெற்றோர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள். பட்டப்பெயர் விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வகுப்பாசிரியரிடம் இந்த வாரமே பேசுங்கள். அது கிண்டலைத் தாண்டிப் போயிருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

இனி அந்த இரண்டு. பத்தாவதாக எழுதியிருக்கிறீர்கள்: பள்ளியில் கணக்கில் முப்பதைத் தாண்டாத பெண், தாத்தாவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டம் போட்ட லுங்கிக்குப் பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், எந்த நிறம் எத்தனை இழை என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடுகிறாள். கடைசியில் ஒரு கட்டம் பாதியில் வெட்டுப்படாமல் இருக்க எங்கே கூட்டணும், எங்கே குறைக்கணும் என்று தாத்தாவே அவளிடம் கேட்கிறார். பதினொன்றாவது: ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மூன்று மணி நேரம் விடமாட்டாள், பள்ளியில் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து அதைக் கெடுத்துவிடுகிறார்கள்.

இந்த இரண்டை வைத்து வீட்டுக் கல்வியைப் பற்றிப் பேசலாம். மற்ற ஒன்பதை வைத்துப் பேச முடியாது. பள்ளி பிடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பேர்ணாம்பட்டு பக்கம் ஒரு பையன், எட்டாவதில் நிறுத்தினார்கள். ஜூனில் டைம் டேபிள் எல்லாம் சுவரில் ஒட்டியிருந்தது. தீபாவளிக்கு அவன் அப்பாவின் செல்போன் கடையில் ஸ்க்ரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தான். கேட்டால், “வீட்லயே படிக்கிறான் சார்” என்றார்கள். அந்தக் குடும்பத்துக்குச் சரி என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருவன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: காலை பத்திலிருந்து ஒன்று வரை உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்?

நீங்கள் சொன்னதை வைத்தே சொல்கிறேன். மாமியாருக்கு முடியவில்லை. சின்னவன் அங்கன்வாடியிலிருந்து மதியம் வந்துவிடுவான். நீங்கள் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறீர்கள், முகூர்த்த மாதம் என்றால் நிமிர நேரமில்லை. அந்த வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண் பகல் முழுக்க இருந்தால் என்ன ஆகும்? நீங்கள் ஒரு வேலையும் சொல்ல வேண்டாம், வேலையே அவளைத் தேடி வரும். பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடு, தம்பியைக் கூட்டி வா, ரேஷன் கடையில் இடம் போட்டு வை, கொக்கி மட்டும் கட்டிக் கொடு. ஒவ்வொன்றும் பத்து நிமிட வேலைதான். உங்களுக்குப் பிடிக்காத அந்தப் பள்ளி மணியாவது நாற்பது நிமிடம் விட்டு வைக்கிறது. இன்னும் இரண்டு வருடம் போனால் சொந்தக்காரர்கள், “பொண்ணு வீட்லதானே இருக்கா” என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆண் பிள்ளையாக இருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். அநியாயம்தான். ஆனால் நம் வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். 2009இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறிலிருந்து பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. வீட்டுக் கல்வி கூடும் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், பள்ளிக் கணக்கில் உங்கள் பெண் இடைநின்றவள் ஆகிவிடுவாள். ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அவர்களிடம் கோபப்படாதீர்கள், அது அவர்கள் வேலை. ஒரு நல்லதும் உண்டு: பதினான்கு வயது வரை எப்போது திரும்பி வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

சட்டத்தைவிட எனக்குக் கவலை வேறு. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை தொடர்ந்து படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரித்தார்கள். அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரியிலும் பாகாயம் தந்தை பெரியார் இன்ஜினியரிங் கல்லூரியிலும் அந்த வழியில் நுழைந்த பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியும். புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரிலிருந்து கொடுக்கிறார்கள். அதற்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். இதை மட்டும் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் பிறகு நீட்டித்தார்கள். வேறு பள்ளிக்கு மாற்றுவதாக இருந்தால் இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். அரசு வேலையில் தமிழ் வழிக்கு உள்ள 20 சதவீதத்துக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததாகச் சான்றிதழ் காட்ட வேண்டும். ஏழாவதோடு நிறுத்தினால் இவை எல்லாமே ஒரே நாளில் போய்விடும். மாதம் இத்தனை என்று ஃபீஸ் கட்டுகிற வீட்டுக்கு இழக்க எதுவும் இல்லை, அவர்கள் சுலபமாக முடிவெடுத்துவிடலாம். உங்களுக்கு அப்படியில்லை. உங்கள் பதினொரு காரணங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் இதை எழுதி வைத்துப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வீடுதான் என்றால், வழி இருக்கிறது. பன்னிரண்டரை வயது முடிந்ததும் மாநிலத் தேர்வுத்துறை நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம். அது முடித்து, பதினான்கரை வயதில் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். அதற்கு அறிவியல் செய்முறை வகுப்புக்குப் பெயர் பதிந்து போய்வர வேண்டும், கடைசி நேரத்தில் இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். இன்னொன்று என்ஐஓஎஸ், மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி, 1989இல் ஆரம்பித்தது. பதினான்கு வயது நிறைந்தால் பத்தாவது. தமிழிலேயே எழுதலாம். ஐந்து பாடம், தேர்ச்சிக்கு 33 மார்க். வருடத்தில் இரண்டு முறை தேர்வு, ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஒன்றில் மூழ்கிப்போகிற உங்கள் பெண்ணுக்கு அது பொருந்தும். பிளஸ் டூவையும் அங்கேயே ஐந்து பாடத்தோடு முடித்தால் ஜேஇஇ எழுதலாம். நீட் விஷயம் பல வருடம் கோர்ட்டில் கிடந்தது, 2024இல் உச்ச நீதிமன்றத்தில் அதற்கும் வழி திறந்துவிட்டது. ஆனால் வீட்டில் டிஎன்பிஎஸ்சி எண்ணம் இருந்தால் நான் மாநிலத் தனித்தேர்வைத்தான் சொல்வேன்.

என் யோசனை இதுதான். இப்போது டிசி கேட்காதீர்கள். ஆண்டுத் தேர்வு முடியட்டும். கோடை விடுமுறையில் நாற்பது நாள், வீட்டிலேயே பள்ளி நடப்பதாக வைத்துக்கொண்டு நடத்திப் பாருங்கள். காலை பத்திலிருந்து ஒன்று வரை அவளுக்கு ஒரு வேலையும் வைக்கக்கூடாது. பாட்டி கூப்பிட்டால் நீங்கள்தான் எழுந்து போக வேண்டும். தைக்கிற துணியை மதியத்துக்கு மேல் எடுங்கள். எட்டாவது கணக்குப் புத்தகத்தை எடுத்து, விகிதத்தை மட்டும் தறியை வைத்தே சொல்லிக் கொடுங்கள். தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவர்தான் உங்கள் லேப். ஒரு நாள் சத்துவாச்சாரி அறிவியல் மையத்துக்குக் கூட்டி வாருங்கள், ஒரு நாள் கோட்டை மியூசியத்துக்கு. முடிந்தால் ஒரு சனிக்கிழமை ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்கும் போய்வாருங்கள், போவதற்கு முன் பார்வை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் ராத்திரி இரண்டு வரி எழுதுங்கள்: இன்றைக்கு அந்த மூன்று மணி நேரத்தில் உண்மையில் எவ்வளவு மிஞ்சியது, எது தின்றது.

நாற்பதில் முப்பது நாள் அந்த மூன்று மணி நேரம் அவளுக்கே கிடைத்திருந்தால் வாருங்கள், தனித்தேர்வுக்கான வேலையை நானே கூட இருந்து பார்க்கிறேன். கிடைக்கவில்லை என்றால் ஜூனில் அவள் எட்டாவது போகட்டும், தறிக்கணக்கு சாயந்திரமும் ஞாயிற்றுக்கிழமையும் நடக்கட்டும். அதற்குள் தண்ணீர் பாட்டில் விஷயம் எந்த மட்டில் இருக்கிறது என்று எனக்கு ஒரு போன் போடுங்கள்.

இன்னொன்று. அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம், உங்கள் பெண் என்ன நினைக்கிறாள் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அடுத்த முறை அவளையும் கூட்டி வாருங்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன், அவள் எழுதுவதற்குப் பின்பக்கம் முழுக்கக் காலியாகத்தான் இருக்கிறது.