பாசறையில் குடும்பத்துக்கு இடமில்லையா?

கேள்வி: என் கணவர் அமெரிக்க உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் ரீஎனாக்ட்மென்ட் குழு ஒன்றில் இருக்கிறார். இந்த முறை நானும் இரண்டு பிள்ளைகளும் அவரோடு கூடாரத்தில் தங்க ஆசைப்பட்டோம். குழுவின் மூத்தவர்களோ, ‘போர் முகாமில் பெண்டு பிள்ளைகள் இருந்ததே இல்லை, நீங்கள் வந்தால் வரலாறு கெட்டுவிடும்’ என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா?

பதில்: தவறு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில், உள்நாட்டுப் போர் நடந்த 1860களின் தொடக்கத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. வாஷிங்டன் நகருக்குப் பக்கத்தில் 31-வது பென்சில்வேனியா காலாட்படையின் முகாம். கூடாரத்து முன்னால் ஒரு சிப்பாய், அவர் மனைவி, மூன்று குழந்தைகள். சுற்றிலும் தட்டுமுட்டுச் சாமான்கள். அந்தப் படத்தை முதலில் உங்கள் மூத்தவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். 1781-இல், அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுன் முற்றுகையின்போது சாரா ஆஸ்பார்ன் என்ற சிப்பாய் மனைவி, மற்ற பெண்களோடு சேர்ந்து சமைத்து, இறைச்சியும் ரொட்டியும் காபியும் பதுங்குகுழிகளுக்கே தூக்கிக்கொண்டு போனார். ‘பீரங்கிக் குண்டுக்குப் பயமில்லையா?’ என்று படைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் கேட்டாராம். ஆண்கள் சண்டையும் போட்டுப் பட்டினியும் கிடக்க முடியுமா என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். 1837-இல் ஓய்வூதியத்துக்காகக் கொடுத்த வாக்குமூலத்தில் அவரே சொன்னது இது. நெப்போலியனோடு மோத ஸ்பெயினுக்குக் கப்பலேறிய பிரிட்டிஷ் படையிலோ, ஏறக்குறைய நூறு பேருக்கு ஆறு மனைவிமார்தான் உடன் போகலாம். யார் போவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ‘போகக் கூடாது’ என்ற சீட்டு வந்தவள் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். அந்தப் பெண்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. பாசறையில் பெண்ணே இல்லை என்று இன்று ஒருவர் சொல்லும்போது கோபமும் வருகிறது.

மூத்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நாளெல்லாம் நடந்து, மறுநாள் காலை சண்டைக்குப் போகிற படையின் முகாம் என்றால் அங்கே குடும்பம் அபூர்வம். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் தங்கிய முகாம் என்றால் கதையே வேறு. ஆகவே, ‘எந்த முகாம், எந்த மாதம்?’ என்று அவர்களைக் கேளுங்கள். பல நிகழ்ச்சிகளில் ராணுவ முகாம் தனி, பொதுமக்கள் முகாம் தனி என்று பிரித்தே வைக்கிறார்கள். உங்களுக்கு அது போதுமானதாக இருக்கலாம்.

சரி, துப்பாக்கி தூக்கி அணியில் நிற்க ஆசை என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. 1989-இல், உள்நாட்டுப் போர்க்களமான ஆன்டீடத்தில் நடந்த நிகழ்ச்சியில் சிப்பாய் வேடத்தில் வந்த லாரன் குக்கை, பெண் என்பதற்காகவே வெளியேற்றினார்கள். அவர் நீதிமன்றம் போனார். 1993-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. ஆண் வேடத்தில் உண்மையாகவே படையில் சேர்ந்த பெண்கள் இருந்தார்களே! லயன்ஸ் வேக்மன் என்ற பெயரில் நியூயார்க் படைப்பிரிவில் சேர்ந்து, 1864-இல் நோயில் இறந்த சாரா ரொசெட்டா வேக்மன் அவர்களில் ஒருவர்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருப்பதற்காகப் போகாதீர்கள். அன்று அந்தப் பெண்கள் துவைத்தார்கள், தைத்தார்கள், காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். தண்ணீர் கொண்டுவரட்டும், சுள்ளி பொறுக்கட்டும். வேலை இருக்கிற பிள்ளை அலுத்துக்கொள்ளாது. வெடிமருந்துப் பக்கம் மட்டும் விடவே கூடாது. அப்புறம் துணி. நைலான், பாலியஸ்டர் கலந்த பாவாடையோடு அடுப்புப் பக்கம் போகாதீர்கள். பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி சட்டென்று பற்றாது. பருத்தி பற்றும், ஆகவே குனியும்போது விளிம்பை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் இதை வீட்டிலேயே நாலு தடவை பழக்கிவிட்டுக் கூட்டிப் போங்கள்.