லாகோஸுக்கு வேலைக்குப் போகிறேன், எவ்வளவு ஆபத்து? எதிலெல்லாம் ஜாக்கிரதை வேண்டும்?

கம்பெனி நைஜீரியாவுக்கு அனுப்புகிறது, வீட்டில் பயப்படுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். லாகோஸில் சில வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், போகலாம். அங்கே ஆபத்து பெரும்பாலும் சாலையில்தான். எந்த வண்டியில் ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், இந்த இரண்டிலும் கறாராக இருங்கள்.

நைஜீரியா முழுக்க ஒரே மாதிரி இல்லை. வடகிழக்கில் போர்னோ மாநிலம் போகோ ஹராம் என்ற தீவிரவாதக் கும்பலின் நடமாட்டம் உள்ள இடம், அந்தப் பக்கமே வேண்டாம். வடமேற்கில் பணத்துக்காக ஆள் கடத்துகிறார்கள். 2022 மார்ச் 28 அன்று தலைநகர் அபுஜாவிலிருந்து கடுனா போன ரயிலையே குண்டு வைத்து நிறுத்தி, பயணிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடைசியாக மிச்சமிருந்தவர்கள் வெளியே வர அக்டோபர் ஆகிவிட்டது. அதனால் ஊர்விட்டு ஊர் போவதென்றால் விமானம் மட்டும்தான். காரில் போனால் செலவு மிச்சம் என்று மேலாளர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். வேலையைவிட உயிர் பெரிது.

லாகோஸ் முர்த்தலா முகமது விமான நிலையத்தில் இறங்கும் முன்பே டிரைவரின் போட்டோவும் கார் நம்பரும் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். பெயர் எழுதிய அட்டையோடு நிற்பவரை அப்படியே நம்பாதீர்கள். அந்த அட்டையைப் பார்த்து அதே பெயரை இன்னொருவரும் எழுதிக்கொண்டு நிற்கலாம்.

தெருவில் ஓடும் மஞ்சள் டான்ஃபோ வேனிலும் ஷேர் டாக்சியிலும் ஏறவே வேண்டாம். 'ஒன் சான்ஸ்' என்று அங்கே சொல்லும் கொள்ளை அவற்றில்தான் நடக்கிறது. மூன்று நான்கு பேர் பயணிகள் போல உட்கார்ந்திருப்பார்கள், ஒரு இடம்தான் காலி என்று கூப்பிடுவார்கள். வண்டி நகர்ந்த பிறகுதான் எல்லோரும் ஒரே கும்பல் என்று தெரியும்.

லாகோஸ் தீவையும் நகரின் நிலப்பகுதியையும் இணைக்கும் தேர்ட் மெயின்லேண்ட் பாலம் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். சாயங்கால நெரிசலில் மாட்டினால் வண்டி நகராது, திருடர்களுக்கு அதுதான் வசதி. கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டி, போனைப் பைக்குள் வையுங்கள். ஆயுதத்தோடு யாராவது வந்தால் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள், வாக்குவாதம் கூடாது.

இரவில் போலீஸ் செக்போஸ்ட் நெருங்கும்போது எங்கள் டிரைவர் ஹெட்லைட்டைக் குறைப்பார், காருக்குள் விளக்கைப் போடுவார், கண்ணாடியை இறக்கி இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வைத்துக்கொள்வார். "ஓகா, நீங்கள் சும்மா இருங்கள், நான் பேசிக்கொள்கிறேன்" என்பார். (ஓகா என்றால் அங்கே முதலாளி, ஐயா என்று அர்த்தம்.) நல்ல டிரைவர் கிடைத்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். போலீஸ், ராணுவம், விமான நிலையம் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

அப்புறம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.

துப்பாக்கியை நினைத்துப் பயப்படுகிறவர்கள் கொசுவை மறந்துவிடுகிறார்கள். உலக மலேரியா மரணங்களில் கால் பங்குக்கு மேல் நைஜீரியாவில்தான். நம் ஊர்க்காரர்கள் குளோரோகுயின் வாங்கிக்கொண்டு வருவார்கள், அங்குள்ள மலேரியா அதற்கு அடங்காது. எந்த மாத்திரை என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். திரும்பி வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் அடித்தாலும், நைஜீரியா போய் வந்ததை முதலில் சொல்லி அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.