முட்டிச் சில்லுக்குக் கீழே வலி: ஓய்வு மட்டும் போதாது

வணக்கம். முட்டிச் சில்லுக்கு நேர் கீழே, ஒரு விரலால் தொட்டுக் காட்டும் இடத்தில் வலி, ஓடி உடம்பு சூடானதும் குறைகிறது, மறுநாள் படியிறங்கும்போது திரும்புகிறது என்கிறீர்கள். இது பெரும்பாலும் சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தசைநாணின் வலிதான். சில்லைச் சுற்றிப் பரவலாகவோ முட்டியின் வெளிப்பக்கமோ வலித்தால் காரணம் வேறாக இருக்கும்.

2 வாரம் ஓய்வெடுத்தும், மீண்டும் ஓடியதும் வலி திரும்பியது என்கிறீர்கள், அதில் வியப்பில்லை. ஓய்வு வலியை அடக்கும். சுமை தாங்கும் பலத்தைத் தராது, தொடைத்தசையும் இளைத்துவிடும்.

வேகப் பயிற்சியையும் மேடேறி இறங்குவதையும் இப்போதைக்கு விடுங்கள். சமதளத்தில் மெதுவாக, குறைந்த தூரம் ஓடலாம். சுவரில் முதுகு சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் 45 விநாடி அசையாமல் நில்லுங்கள். இடையில் 2 நிமிடம் விட்டு 5 முறை. பழகியபின் எடையோடு மெதுவாகக் குந்தி எழுங்கள், வாரம் 3 நாள். வலியே இல்லையென்றால் 0, தாங்க முடியாத வலி 10 என்று வைத்தால், வலி மூன்றைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலை கூடியிருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம். மற்ற எதையும்விட இந்த அளவுகோலையே நான் நம்புவேன். 3 மாதமாவது ஆகும், பொறுமையாக இருங்கள்.

ஸ்டீராய்டு ஊசிக்கு அவசரப்படாதீர்கள், தசைநாணைப் பலவீனமாக்கக்கூடும். திடீரென ‘டப்’ என்று தெறித்து காலை நீட்ட முடியாமல் போனாலோ முட்டி வீங்கினாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.