வீடே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டால் எங்கே படுப்பது?

கேள்வி: அக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் ஒரு மோட்டார் ஹோமில் (படுக்கை, ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ள வீட்டு வண்டி) ஊர் ஊராகப் போய் வாழ்கிறோம். போன ஜனவரியில் கேப்டவுனிலிருந்து திரும்பும்போது, லீயு-கம்கா தாண்டி என்-1 நெடுஞ்சாலையில் என்ஜின் சூடாகி வண்டி நின்றுவிட்டது. கூப்பிடாமலே வந்த ஒரு டோ டிரக் எங்களை போஃபர்ட் வெஸ்டுக்கு இழுத்துப்போனது. பில்லைப் பார்த்து மயக்கமே வந்தது. மாற்ற வேண்டிய ரேடியேட்டர் ஹோஸ் (என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் போகிற ரப்பர் குழாய்) வந்து சேரும்வரை கெஸ்ட் ஹவுஸ் வாடகை. இவர் இன்சுலின் போடுகிறவர். மருந்து ஃப்ரிட்ஜில், ஃப்ரிட்ஜ் ஒர்க்‌ஷாப்பில்! “போதும், டர்பனுக்கே போய்விடலாம்” என்கிறார். எனக்கு மனசில்லை. வண்டி 3,500 கிலோவுக்கு மேல், நானும் ஓட்டலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: தங்கச்சி, பில்லைப் பார்த்த வாரத்தில் எடுக்கிற முடிவு எதையும் நம்பாதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் பயந்தது சாலையைப் பார்த்து என்று எனக்குத் தோன்றவில்லை. ராத்திரி எங்கே படுப்பது, மருந்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாரே, அதுதான் அவரைக் கலக்கியிருக்கும். கார் கெட்டால் ஆட்டோவோ டாக்ஸியோ பிடித்து வீட்டுக்குப் போகலாம். உங்களுக்கு வீடும் சேர்ந்தே கெடுகிறது. ஆகவே படுக்கைக்கு வழி முதலில், என்ஜின் அப்புறம்.

வண்டியில் ஒரு சின்ன டென்ட் வையுங்கள். போஃபர்ட் வெஸ்டை ஒட்டியே காரூ தேசியப் பூங்கா இருக்கிறது, முகாம் இடமும் உண்டு. கெஸ்ட் ஹவுஸ் வாடகையைவிட அது எவ்வளவோ மலிவு. அதற்கும் முன்னால் மெக்கானிக்கையே கேட்டுப் பாருங்கள்: “ராத்திரி வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்கிறோம், ஒரு கரண்ட் வயர் தருவீர்களா?” வண்டியை ஜாக்கியில் ஏற்றாதவரை, சின்ன ஊர்க்காரர்கள் பலர் சரி என்பார்கள். கேஸ் சிலிண்டரை மட்டும் இறுக்கி மூடிவிடுங்கள்.

இன்சுலினுக்கு, தண்ணீரில் நனைத்து எடுக்கிற குளிர்பை ஒன்று வாங்குங்கள். காரூவின் வறண்ட காற்றில் அது நன்றாகவே வேலை செய்யும். திறந்த இன்சுலின் எத்தனை டிகிரியில், எத்தனை நாள் தாங்கும் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். ஜனவரி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அந்த அளவு சுலபமாகத் தாண்டிவிடும். மருந்து, அடையாள அட்டை, ஒரு நாள் துணி எல்லாம் ஒரே பையில், கதவோரம் இருக்கட்டும்.

இனி அந்த டோ டிரக். கூப்பிடாமல் வருகிறவரைக் கொக்கி மாட்ட விடாதீர்கள். எவ்வளவு சிரித்துப் பேசினாலும் சரி. முதலில் இன்சூரன்ஸின் அவசர எண்ணுக்குப் போன் போட்டு, அவர்கள் அனுப்புகிற வண்டிக்குக் காத்திருங்கள். விலை எழுதாத தாளில் கையெழுத்து வேண்டாம். டோ டிரக்காரரின் யார்டில் வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கட்டணம் ஏறலாம். இன்றைக்கே அந்த எண்ணில் பேசி, இவ்வளவு எடையுள்ள வண்டியை இழுப்பீர்களா, எத்தனை கிலோமீட்டர் வரை, தங்கும் செலவு உண்டா என்று கேட்டு எழுதி வையுங்கள். காருக்குக் கிடைக்கிற உதவி இந்த எடைக்குக் கிடைக்காமல் போகலாம்.

சாலையோரத்தில் நின்றுவிட்டால் இடது கதவு வழியாக இறங்கி, வண்டியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். என்-1 லாரிகளின் வேகம் உங்களுக்கே தெரியும். முக்கோணப் பலகை 45 மீட்டர் பின்னால். ஆபத்து என்றால் மொபைலில் 112.

ஹோஸ் விஷயம் சுருக்கமாக. மோட்டார் ஹோம் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். ரப்பர் கிலோமீட்டர் பார்த்துக் கெடுவதில்லை, வயது பார்த்துக் கெடுகிறது. எல்லா ஹோஸையும் பெல்ட்டையும் ஒரே தடவையில் மாற்றிவிட்டு, பழையதில் நல்லதை ஸ்பேராக வையுங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம் செய்தது. அதையும் பாருங்கள். வெப்ப முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை அணைத்து ஹீட்டரைப் போடுங்கள். வியர்த்துக் கொட்டும்தான், ஆனால் ஒதுங்கி நிறுத்தும்வரை என்ஜினுக்குக் கொஞ்சம் ஆறுதல். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. நன்றாக ஆறியபின், ஆபத்துக்கு உங்கள் குடிநீர் டாங்கித் தண்ணீரையே ஊற்றலாம். கூலண்ட்டை ஊருக்குப் போய்ச் சரிசெய்து கொள்ளலாம்.

வீட்டுக்காரரிடம் இப்போது வாதாட வேண்டாம். இந்த வேலைகள் முடிந்ததும் என்-3 வழியாக ஹாரிஸ்மித் வரை மட்டும் கூப்பிட்டுப் பாருங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி வரும் செடாராவிலிருந்து அந்தப் பக்கம் சுங்கச்சாவடி நிறுவனத்தின் ரோந்து வண்டிகள் உண்டு. வான் ரீனன் மலைப்பாதை ஏற்றத்தில் வெப்ப முள் எங்கே நிற்கிறது என்று அவரே பார்க்கட்டும். அதன் பிறகும் வேண்டாம் என்றால், அது அவர் யோசித்துச் சொல்வது. நீங்கள் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: பி லைசென்ஸ் 3,500 கிலோ வரைதான், அதற்கு மேல் சி1 வேண்டும். அவருக்குச் சர்க்கரை இறங்கினால் வண்டியை எடுக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள், உடனே விண்ணப்பம் போடுங்கள்.